அசமபக்கமா, சமனில்பக்கமா? ஒரு முக்கோணத்துக்குப் பெயர் தேடியபோது

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வாரம் ஒரு கணிதப் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் மாலையில் வந்து உட்கார்ந்து போடுவார்கள். அதே தாளை யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கும் தோழிக்கும் அனுப்புவேன்; அவள் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். முக்கோண வகைகள் பாடம் வரும்வரை இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் ஓடியது. அந்த வாரம் ஒரு சொல்லில் தாள் நின்றுவிட்டது.

மூன்று பக்கமும் வெவ்வேறு நீளமுள்ள முக்கோணத்தை நான் 'அசமபக்க முக்கோணம்' என்று அடித்திருந்தேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் அப்படித்தான். அன்று இரவே அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது: "இதை நாங்கள் சமனில்பக்க முக்கோணி எண்டுதான் சொல்லுறது. அசம எண்டால் என்ர பிள்ளையளுக்கு விளங்காது." சரி, அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று மாற்றிக்கொடுத்தால் போச்சு என்று முதலில் நினைத்தேன். அப்புறம் எங்கள் வகுப்பிலேயே ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு, இரண்டில் எது நல்ல சொல், இரண்டையும் விட நல்லது ஏதாவது இருக்கிறதா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். கேள்வியை வாய்விட்டுச் சொல்லி எழுதச் சொன்னேன்: "இந்த அசமபக்க முக்கோணத்தில் ஒரு பக்கம் 6 செ.மீ. மற்ற இரண்டு பக்கங்கள் என்னவாக இருக்கலாம்?" நான்கு பிள்ளைகள் 6, 6 என்று எழுதியிருந்தார்கள். நால்வரும் கணக்கில் கெட்டிக்காரர்கள். நோட்டை வாங்கிப் பார்த்தால் கேள்வியையே 'இந்த சமபக்க முக்கோணத்தில்' என்று எழுதியிருக்கிறார்கள். தப்பு என்னுடையது. 'இந்த' என்பது அகரத்தில் முடிகிறது, 'அசமபக்க' அகரத்தில் தொடங்குகிறது. கொஞ்சம் வேகமாகச் சொன்னால் இரண்டு அகரமும் ஒன்றாகிவிடும். ஒரே ஒரு எழுத்துத்தான் இந்தச் சொல்லை அதன் எதிர்ச்சொல்லிலிருந்து பிரிக்கிறது. அந்த எழுத்து பேச்சில் விழுந்துவிடுகிறது. விழுந்தால் வேறு ஏதோ ஒரு முக்கோணம் ஆவதில்லை, நேர் எதிரானதாக ஆகிவிடுகிறது.

இந்த அகரம் தமிழுக்குள் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழில் சொல்லின் முன்னால் நிற்கும் 'அ' பெரும்பாலும் சுட்டு. அப்பக்கம், அவ்வீடு, அச்சமயம். இன்மையைச் சொல்லும் அகரம் வடமொழியிலிருந்து வந்தது: அநீதி, அசுத்தம், அதர்மம். இரண்டையும் பிரித்துக்காட்டுவது நடுவில் வரும் ஒற்றுத்தான். சுட்டாக இருந்தால் வல்லினம் இரட்டிக்கும், 'அச்சமயம்' என்பதுபோல. இரட்டிக்காததால் 'அசம' என்பது 'சமமில்லாத' என்று படித்தவர்களுக்குப் புரிகிறது. பதினோரு வயதுப் பிள்ளை இதையெல்லாம் யோசித்தா படிக்கும்? அதற்குத் தெரிந்த ஒரே துணை 'அசைவம்' என்ற சொல்தான். நானும் அதைச் சொல்லித்தான் விளக்குவேன்: சைவம் இல்லாதது அசைவம், சமபக்கம் இல்லாதது அசமபக்கம்.

அந்த விளக்கத்தில்தான் அடுத்த சிக்கல் இருந்தது. அசைவம் என்ற சொல் சாப்பாட்டை இரண்டாகத்தான் பிரிக்கிறது. சைவம் இல்லையென்றால் அசைவம், நடுவில் வேறொன்று கிடையாது. முக்கோணம் அப்படியில்லை, அதில் மூன்று வகை. மூன்றும் சமமாக இருந்தால் சமபக்கம், இரண்டு சமமாக இருந்தால் இருசமபக்கம், எந்த இரண்டும் சமமாக இல்லாவிட்டால் இது. 5, 5, 8 பக்கமுள்ள முக்கோணத்தைக் காட்டி ஒரு பெண் கேட்டாள்: "இது சமபக்கம் இல்லல்ல? அப்போ அசமபக்கம்தானே?" சொல்லை வைத்துப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பே இல்லை. 'அசமபக்கம்' என்ற சொல் 'எல்லாம் சமமில்லை' என்று மட்டும்தான் சொல்கிறது. நமக்கு வேண்டியது 'எந்த இரண்டும் சமமில்லை' என்பது. இரண்டுக்கும் நடுவில்தான் இருசமபக்க முக்கோணம் முழுதாக உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் தோழி சொன்ன 'சமனில்பக்க' மேலானதா? காதுக்கு மேலானதுதான். 'சமபக்க', 'சமனில்பக்க' இரண்டையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் குழம்பாது. குடும்பமும் நல்ல குடும்பம். சமன்பாட்டில் இருக்கும் அதே 'சமன்' இது. தராசைச் சொல்லும் குறளில், 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று வள்ளுவர் எடுத்தாளும் சொல். கூடவே வரும் 'இல்' நம் பழைய இன்மைச் சொல். 'கேடில் விழுச்செல்வம் கல்வி' என்பதில் 'கேடில்' எப்படிக் கேடு இல்லாதது ஆகிறதோ, அப்படியே 'சமனில்' சமன் இல்லாதது. இலங்கைக் கணிதத் தமிழ் இந்த வழியில் உறுதியாக நிற்கிறது. நாம் 'அசமன்பாடு' என்று எழுதுவதை அவர்கள் 'சமனிலி' என்கிறார்கள். சொல்லப்போனால் சமனிலி எனக்கு ரொம்பப் பிடித்த சொல். சின்னது, சொன்னதும் விளங்குகிறது.

ஆனால் 'சமனில்பக்க' என்பதை எங்கள் தெருப் பிள்ளைகளிடம் எழுதிக்காட்டியபோது ஒருவன் 'சமனில்' என்றால் 'சமத்தில்' என்று படித்தான். அவன் மேல் குற்றமில்லை. 'வீட்டில்', 'மரத்தில்' என்று இடத்தைக் காட்டும் 'இல்'தான் இன்றைய தமிழில் வாழும் 'இல்'. 'போட்டி சமனில் முடிந்தது' என்று விளையாட்டுச் செய்தியில் வந்தால் இரண்டு அணியும் சமமாக நின்றன என்று பொருள். முக்கோணத்தில் அதே நான்கெழுத்து சமம் இல்லை என்று பொருள் தர வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை வராமல் இருக்கக் காரணம் பழக்கம். சமனிலி, சமனில்பக்கம் என்று ஒரே வரிசையாகப் படித்து வருகிறது. தனியாக இந்த ஒரு சொல்லை மட்டும் இங்கே இறக்கினால் அந்தத் துணை கிடைக்காது. எப்படியானாலும் சேர்த்து ஒரே சொல்லாக எழுத வேண்டும். 'சமனில் பக்க' என்று இடம்விட்டு எழுதினால் குழப்பம் இரட்டிப்பாகும். பொருளின் எல்லையைப் பொறுத்தவரை அசமபக்கத்தின் குறை இதற்கும் உண்டு. சமன் இல்லை என்கிறது, எத்தனை பக்கத்துக்குள் இல்லை என்று சொல்வதில்லை.

பக்கத்து மொழிகள் என்ன செய்தன என்று பார்த்தேன். இந்தி, தெலுங்கு இரண்டிலும் 'விஷமபாகு'. மலையாளத்தில் 'விஷமபுஜம்'. வடமொழியில் விஷமம் என்றால் ஒவ்வாதது, மேடுபள்ளமானது. ஒற்றைப்படை எண்ணுக்கும் அதே சொல்தான். கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூல் காலத்திலேயே இது கணிதச் சொல்லாக நிலைத்துவிட்டது. நமக்கு இது சரிப்படாது. தமிழில் விஷமம் என்றால் குறும்பு. விஷமபக்க முக்கோணம் என்று எழுதினால் பாடம் முடியும்வரை வகுப்பு சிரித்துக்கொண்டிருக்கும். ஆனால் தேடிப் பார்த்ததில் ஒன்று மனதைத் தொட்டது. இந்த முக்கோணத்தைச் சொல்லும் ஆங்கிலத்தின் 'ஸ்கேலீன்' என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்கத்தின் 'ஸ்கலேனோஸ்'. சமமற்றது, ஏற்றத்தாழ்வானது என்று பொருள். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் இரட்டைப்படை எண்ணை 'ஸ்கலேனோஸ் அல்லாதது, சமகால் உள்ளது' என்று சாக்ரடீஸ் விளக்குகிறார். அங்கேயும் ஒற்றைப்படை எண்ணுக்கும் இந்த முக்கோணத்துக்கும் ஒரே சொல்! இரண்டு சம பாதியாகப் பிரியாத எண்ணையும், எந்த இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத முக்கோணத்தையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள், கிரேக்கத்திலும் இங்கேயும்.

கிரேக்கச் சொல்லில் 'பக்கம்' என்பதே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கிரேக்கக் கணித அறிஞர் அப்பொல்லோனியஸ் சாய்ந்த கூம்பையும் அதே சொல்லால்தான் அழைத்தார். கழுத்தின் பக்கவாட்டில் முதுகெலும்பிலிருந்து மேல் விலா எலும்புகளுக்கு இறங்கும் மூன்று தசைகளுக்கும் மருத்துவத்தில் இந்தப் பெயர்தான். முன் தசையும் நடுத்தசையும் முதல் விலாவில் பிடிக்கும், பின்தசை இரண்டாவது விலாவில். கைக்குப் போகும் நரம்புக் கற்றை முன் தசைக்கும் நடுத்தசைக்கும் இடையில்தான் வெளியே வருகிறது. அதனால் அங்கே இறுக்கம் வந்தால் கை மரத்துப்போகலாம். கை மரத்துப்போய் வந்தவரிடம் 'அசமபக்கத் தசை' என்று சொல்லி என்ன பயன்? அங்கே 'ஸ்கேலீன் தசை' என்றே எழுதிவிடலாம். கழுத்தில் தொட்டுக்காட்டும் இடம்தான் அங்கே பொருள்; பெயரின் உள்ளர்த்தம் யாருக்கும் தேவைப்படாது. வகுப்பில் நிலைமை தலைகீழ். பிள்ளைக்குப் பெயர்தான் முதல் விளக்கம். அதனால் 'ஸ்கேலீன் முக்கோணம்' என்று ஒலிபெயர்த்து எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஆங்கிலவழிக்கு மாறும் பிள்ளைக்கு உதவும் என்று சிலர் சொல்வார்கள். மாறும்போது அந்தச் சொல் தானாக வந்துவிடும்.

'ஒழுங்கற்ற முக்கோணம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். ஒழுங்குப் பலகோணம் என்றால் எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமானது என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கணக்கில் இருசமபக்க முக்கோணமும் ஒழுங்கற்றதுதான். அதைவிடப் பெரிய குறை, ஒழுங்கற்றது என்றதும் மனதில் ஒரு கோணல்மாணலான படம் வந்துவிடுகிறது. ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து பாருங்கள். உள்ளே இரண்டு மூலைமட்டம் இருக்கும். ஒன்றின் கோணங்கள் 45, 45, 90, அது இருசமபக்கம். இன்னொன்று 30, 60, 90, நீளமாக ஒல்லியாக இருக்குமே, அதில் எந்த இரண்டு பக்கமும் சமம் கிடையாது. நாம் பேசிக்கொண்டிருக்கும் முக்கோணம் அதுதான். சின்னப் பக்கத்தைப்போலச் சரியாக இரண்டு மடங்கு பெரிய பக்கம். அதைப்போல ஒழுங்கான பொருள் அந்தப் பெட்டியிலேயே வேறில்லை. கொத்தனார் மூலைக்குச் செங்கோணம் பார்க்கப் பிடிக்கும் 3, 4, 5 அளவும் இதே வகைதான். பிள்ளைகள் 3, 4, 5ஐ 'செங்கோண முக்கோணம்' என்று மட்டும் எழுதிவிட்டு, பக்க வகையைக் கேட்டால் விழிப்பதற்கு இந்தக் கோணல் படமே காரணம் என்று நினைக்கிறேன்.

'சமச்சீரற்ற' என்று போடலாமா என்று ஒருவர் கேட்டார். முக்கோணத்துக்கு மட்டும் அது கணக்குப்படி சரியாகவே வரும். சமபக்கத்துக்கு மூன்று சமச்சீர்க் கோடு, இருசமபக்கத்துக்கு ஒன்று, இதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அது இந்த முக்கோணத்தின் விளைவு. பெயர் பக்கத்திலிருந்து வர வேண்டும். பிள்ளை அளவுகோலை வைத்து முதலில் அளப்பது பக்கத்தைத்தானே.

இந்த முக்கோணத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. உலகத்தில் அதிகமாக இருப்பது இதுதான், பெயரில் மட்டும் இல்லாததைச் சொல்லி அழைக்கிறோம். நம் ஊர் வயல் எதையாவது நிலஅளவைக்காரர் புலப்படத்தில் முக்கோணங்களாகப் பிரித்துப் போட்டிருப்பதைப் பாருங்கள். ஒன்றிலாவது இரண்டு பக்கம் சமமாக இருந்தால் அதிசயம். 1802இல் ஆங்கிலேய நிலஅளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய நிலஅளவையும் இப்படித்தான் நடந்தது. ஒரு பக்கத்தை நிலத்தில் அளந்துகொண்டு, கோணங்களைப் பார்த்துப் பார்த்து முக்கோணம் மேல் முக்கோணமாக இந்தியா நெடுகப் போனார்கள். சமபக்கத்துக்கு நெருக்கமாக இருந்தால் பிழை குறையும் என்று தேடுவார்கள்தான். ஆனால் குன்றும் கோபுரமும் இருக்கிற இடத்தில்தானே இருக்கும்? அப்புறம் ஒன்பதாம் வகுப்பில் வரும் ஹெரான் சூத்திரம், மூன்று பக்க நீளத்தை மட்டும் வைத்துப் பரப்பைக் காண்பது. மூன்று பக்கமும் வெவ்வேறாக இருக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். 13, 14, 15 பக்கமுள்ள முக்கோணத்தின் பரப்பு 84 என்று முழு எண்ணாக வந்து விழும். ஹெரானே எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு அது. இப்படிப்பட்ட உருவத்துக்கு 'அ' என்றும் 'இல்' என்றும் 'அற்ற' என்றும் இன்மையிலேயே பெயர் வைக்க வேண்டுமா?

இதற்கு வழி காட்டியது ஒரு பையன்தான். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, அளந்து ஒடித்து, தரையில் முக்கோணம் வைக்கச் சொல்லியிருந்தேன். ஒருவன் 2, 3, 6 என்று ஒடித்துவிட்டு, முனை சேரவில்லை என்று கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு சின்னக் குச்சியும் சேர்ந்தாலும் பெரியதை எட்டவில்லை என்று அவனே கண்டுபிடித்து, 4, 5, 6 என்று மாற்றினான். முனைகள் சேர்ந்தன. "இது என்ன முக்கோணம்?" என்று கேட்டேன். பெயர் நினைவில்லை. "மூணும் மூணு அளவு மிஸ்" என்றான். இதைவிடச் சரியான வரையறையை நான் எங்கும் படித்ததில்லை. 5, 5, 8க்கு இந்த வரி பொருந்தாது. 3, 4, 5க்கும் மூலைமட்டத்துக்கும் பொருந்தும். 'அ' விழுந்துவிடுமோ, 'இல்' மாறிப் பொருள்படுமோ என்ற பயமும் இல்லை.

'மூணும் மூணு அளவு' என்பதை எழுத்துத் தமிழில் என்னவாக்குவது? 'வேறுபக்கம்' என்றால் 'வேறு பக்கம் போ' என்பதுபோல் ஆகிவிடுகிறது. 'வெவ்வேறுபக்க' சரியாக இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனி என்பதை அந்த அடுக்கே சொல்லிவிடும். அதைவிட 'மூவேறுபக்க முக்கோணம்' எனக்குப் பிடித்திருக்கிறது. இருவேறு, மூவேறு என்பது நம் வழக்கில் இருக்கும் அமைப்புத்தான். வரிசையிலும் அழகாக நிற்கும்: சமபக்கம், இருசமபக்கம், மூவேறுபக்கம். எத்தனை பக்கம் சமம், எத்தனை வேறு என்று பெயரே எண்ணிச் சொல்லிவிடுகிறது. நாற்கரத்துக்குப் போனால் உதவாதே என்று தோழி கேட்டாள். உதவாதுதான். முக்கோணத்துக்கான பெயர் முக்கோணத்துக்கு உதவினால் எனக்குப் போதும்.

ஆனாலும் அதைத் தாளின் தலைப்பில் போடவில்லை. நான் இட்ட பெயரைப் பிள்ளை பாடநூலில் தேடினால் கிடைக்காது. தேர்வில் 'மூவேறுபக்கம்' என்று எழுதி மதிப்பெண் போனால் அதற்கு நான்தான் பொறுப்பு. ஊரறிந்த சொல்லுக்கு இருக்கும் இந்தப் பலத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகளின் தாளில் தலைப்பு 'அசமபக்க முக்கோணம்' என்றும், தோழிக்குப் போகும் தாளில் 'சமனில்பக்க முக்கோணி' என்றும் இருக்கிறது. இரண்டிலும் அதற்குக் கீழே முதல் வரி ஒன்றுதான்: 'மூன்று பக்கமும் மூவேறு அளவு, எந்த இரண்டும் சமமில்லை.' இப்படி என் சொல் பெயராக இல்லாமல் விளக்கமாக நுழைந்திருக்கிறது. பிள்ளைகள் வாயில் தங்கினால் தங்கட்டும்.

வாய்விட்டுச் சொல்லும் கேள்விகளில் 'இந்த அசமபக்க' என்று தொடங்குவதை அடியோடு விட்டுவிட்டேன். 'கொடுக்கப்பட்டுள்ள முக்கோணம் அசமபக்கமானது' என்று பிரித்துச் சொல்கிறேன், அகரத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தி. அசைவத்தைச் சொல்லி விளக்குவதையும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக மூன்று ஈர்க்குச்சியைக் கையில் கொடுத்து, இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். மூன்று தடவை ஒப்பிட வேண்டும், மூன்று தடவையும் ஒட்டாமல் போக வேண்டும். 5, 5, 8 கேட்ட பெண் போன வாரம் இரண்டு தடவை ஒப்பிட்டதும் எழுந்து வந்தாள். மூன்றாவதையும் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அந்த மூன்றாவது சோடிதான் ஒட்டியது.